டிப்பரையும் எடை மேடையில் ஏற்றுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு,



ஜூன் மாதக் கடைசியில், இரவு பதினொரு மணிக்கு மேல், உங்கள் ஆலைகளின் பின்வாசல் வழியாக டிப்பர்கள் கிளம்பும். அதே நேரத்தில் முன்வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் எடை மேடைக்காக வரிசை கட்டி நிற்கும். உள்ளே வருவதற்கு எடைச்சீட்டு உண்டு. பத்து கிலோ குறைந்தால் சண்டை உண்டு. பின்வாசலில் போவதற்குச் சீட்டு கிடையாது. "எவ்வளவு போச்சு?" என்று கேட்டால், "நாலு லோடு சார்" என்பார் டிரைவர். அதோடு கணக்கு முடிந்தது. ஏதோ ஒரு கல்குழியிலோ, காய்ந்த ஏரியோரத்திலோ அந்த நாலு லோடும் கொட்டப்படும். மறுநாள் ஒரு தூறல் விழுந்தால் போதும், அந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் திட்டுவார்கள்.

உங்களில் ஒருவருடைய ஆலையில் பதினோரு பருவம் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். ஒரு சொட்டுக் கூழை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவைப் பார்ப்பது, அமிலம் பார்ப்பது, டின்களை வெதுவெதுப்பான அலமாரியில் அடைகாத்து எதுவும் உப்புகிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் தொழில். ஆலைக்குள் இருக்கும்வரை நானும் டிப்பரைத் திரும்பிப் பார்த்ததில்லை. வேலையை விட்ட பிறகுதான் அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். இந்த மடல் அப்படி நடந்ததில் தெரிந்துகொண்டவை பற்றியது.

முதலில் ஒரு விரல் கணக்கு. ஒரு நாளைக்கு 100 டன் பழம் அரைக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கூழாகி டிரம்முக்குள் போவது 50 முதல் 60 டன். கொட்டை ஒரு 18 டன். பல்ப்பர், ஃபினிஷர் சல்லடைகளில் தங்கிவிடும் தோலும் நாரும் ஒரு 15 டன். மிச்சம் அழுகல், காம்புத் துண்டு, கழுவும் தண்ணீரோடு போனது. ஆலைக்கு ஆலை இது மாறும், ரகத்துக்கு ரகம் மாறும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பின்வாசல் வழியே போகிறது என்பதை உங்கள் கணக்கப்பிள்ளையே ஒப்புக்கொள்வார். அதற்கு டிப்பர் வாடகை வேறு தருகிறீர்கள்.

அந்த 15 டன் தோலில் என்ன இருக்கிறது?

வெயில், பூச்சி, பூசணம் எல்லாம் பழத்தில் முதலில் தொடுவது தோலைத்தான். அதனால் மாமரம் தன் மருந்துப் பெட்டியைத் தோலில் வைத்திருக்கிறது. பாலிஃபீனால்கள், கரோட்டினாய்டுகள், பெக்டின், நார்ச்சத்து எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில், மைசூரில், 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மாம்பழத் தோலைக் காயவைத்து அளந்து பார்த்தவர்கள் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலர்ந்த தோல் ஒரு கிராமில் 55 முதல் 110 மில்லிகிராம் வரை பாலிஃபீனால். உலர் எடையில் 45 முதல் 78 விழுக்காடு நார்ச்சத்து. காயின் தோலில் பாலிஃபீனால் கூடுதல், பழத்தின் தோலில் கரோட்டினாய்டு கூடுதல். பிறகு அந்தத் தோல் பொடியை பிஸ்கட்டிலும் மக்ரோனியிலும் கலந்து சுட்டும் வேகவைத்தும் பார்த்தார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவர்கள் எடுத்துக்கொண்டவை ராஸ்புரியும் பாதாமியும். நம் பெங்களூரா அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தோலில் எவ்வளவு என்பதை உங்கள் தோலைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். யாராவது மைசூர்த் தாளைக் காட்டி உங்களிடம் இயந்திரம் விற்க வந்தால், எந்த ரகத்துத் தோல் என்ற ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்.

விற்க வருபவர்கள் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் வரும் பெயர் மாஞ்சிஃபெரின். நம் மாங்காயும் மலையாளத்து மாங்ஙாவும் போர்த்துகீசியர் வாய்வழியாக ஐரோப்பா போய், மாஞ்சிஃபெரா என்ற லத்தீன் பெயராகி, அதிலிருந்து பிறந்த சொல் அது. பொருளும் சுவாரசியமானதுதான். சூட்டில் எளிதில் சிதையாது; தோலில் உண்டு, இலையிலும் பட்டையிலும் இன்னும் அதிகம் உண்டு. கியூபாவில் மாம்பட்டைச் சாற்றிலிருந்து விமாங் என்ற பெயரில் மருந்துப் பொருளே செய்கிறார்கள். ஒரு பழைய கதையும் இருக்கிறது. பீகாரின் முங்கேர் பக்கத்து ஒரு சிற்றூரில் மாடுகளுக்கு மாவிலையைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி, 'பியூரி' என்ற மஞ்சள் வண்ணம் எடுத்தார்கள். த்ரைலோக்யநாத் முகர்ஜி இதை நேரில் பார்த்து 1883-இல் லண்டனுக்கு எழுதினார். அந்த மஞ்சளுக்குக் காரணம் மாவிலையில் உள்ள இதே குடும்பத்துப் பொருள்கள். மாமரத்திலிருந்து சாறு எடுக்கும் தொழிலின் முதல் ஆலை ஒரு மாட்டின் வயிறு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சுவாரசியம் வேறு, வியாபாரம் வேறு. மாஞ்சிஃபெரின் சர்க்கரையைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும் என்று எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. வாயால் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம் என்பதும் ஆய்வுகளிலேயே இருக்கிறது. கேப்சூல் போட்டு விற்பவருக்கு இரண்டாவது வரி தேவையில்லை. மூலப்பொருள் தயாரித்து முதலீட்டை முடக்கப்போகும் உங்களுக்குத் தேவை. இலையிலும் பட்டையிலும் மலிவாகக் கிடைப்பதைத் தோலில் எடுத்துப் போட்டி போட முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே என் முதல் யோசனை: மாஞ்சிஃபெரினில் தொடங்காதீர்கள். அது கடைசிப் படி.

சரி, முதல் படி எது? இயந்திரம் இல்லை. நேரம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையில் இருந்த கடைசிப் பருவத்துக்கு முந்தின பருவம், மேனேஜரைக் கெஞ்சி, ஒரு ஷிஃப்டின் தோலை மட்டும் கேட்டு வாங்கினேன். இரண்டு டன் இருக்கும். ஆலைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் களத்தில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினோம். நான்கு பெண்கள் கூலிக்கு வந்து கிளறினார்கள். காலை ஏழு மணிக்குப் பொன்னிறமாக இருந்தது. பத்து மணிக்குப் பழுப்பு. தோலை வெட்டிக் காற்றுப் பட்டதுமே அதிலுள்ள நொதி பாலிஃபீனாலைத் தின்ன ஆரம்பித்துவிடும். வாழைக்காய் நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதே, அதே கதை. மத்தியானம் மேகம் கூடிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஓரம் நம் மாவட்டத்துக்கு மழை தருகிறதோ இல்லையோ, வெயிலை மறைக்கத் தவறுவதில்லை. சாயங்காலம் புளித்த வாடை. மறுநாள் காலை வினிகர் வாடை, ஈ, மேலே ஒட்டிய சர்க்கரைப் பாகு, அடியில் சூடு. மூன்றாம் நாள் டிப்பர்தான். கிளறிய பெண்களில் இருவருக்கு முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. அந்தத் தோல் சோதனைக்கூடத்துக்குப் போயிருந்தால், புத்தகத்தில் உள்ள பாலிஃபீனாலில் பாதியாவது மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கை தடித்தது ஏன் என்பதும் இந்தத் தொழிலின் பாடம்தான். மாமரம் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் பங்காளி. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோவதும், மாங்காய்ச் சுணை உதட்டில் பட்டால் புண்ணாவதும் ஒரே குடும்பச் சொத்து. மாந்தோலில் உள்ள ரிசார்சினால் வகைப் பொருள்கள் பிஞ்சுக் காயைப் பூசணத்திடமிருந்து காப்பவை. நம் கையை அவை பகையாளியாகத்தான் பார்க்கும். எண்ணெயில் கரையும் சத்தை எடுக்கும் கரைப்பானில் கரோட்டினாய்டோடு இதுவும் சேர்ந்து வந்துவிடும். முகத்துக்குப் பூசும் கிரீமுக்கு மாந்தோல் சாறு விற்கலாம் என்று கனவு காண்பவர்கள் இந்தச் சுணையை எங்கே பிரிக்கப்போகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மருந்துத் தெளிப்பும் அப்படியே. தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தின் எச்சம் அதிகம் நிற்பது தோலில். சாறு எடுப்பதென்றால் செறிவாக்குவது. நல்லது செறியும்போது கெட்டதும் செறியும். எந்தத் தோட்டத்துப் பழம், கடைசித் தெளிப்பு எப்போது என்ற ஏடு இல்லாமல் இந்தச் சரக்கை எந்த வெளிநாட்டுக்காரரும் தொடமாட்டார்.

நேரத்துக்குத் திரும்புகிறேன். ஃபினிஷரிலிருந்து விழும் தோல் சில மணி நேரத்துக்குள் நீராவியில் அவிக்கப்பட வேண்டும், அல்லது 60 டிகிரி அளவிலான சூட்டுக் காற்றுக்குள் போய்விட வேண்டும். நொதியின் ஆட்டத்தை நிறுத்தவும் ஈரத்தைப் பத்து விழுக்காட்டுக்குக் கொண்டுவரவும் வேறு வழியில்லை. ஈரம் போய்விட்டால் தோல் மூட்டையில் மாதக்கணக்கில் நிற்கும். சாறு எடுப்பதை ஐப்பசியில் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பருவம் இரண்டு இரண்டரை மாதம். அதற்குள் எல்லாவற்றையும் பிழிந்து முடிக்கப் பெரிய ஆலை கட்டினால் மீதி ஒன்பது, பத்து மாதம் அது துருப்பிடிக்கும். காயவைப்பது அவரவர் ஆலையில், உடனே. சாறு எடுப்பது ஒரே பொது இடத்தில், வருஷம் முழுக்க. இந்த மடலில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

"உலர்த்த எரிபொருள் செலவு தாங்காது" என்பீர்கள். இதே பதிலை ஒருவர் என்னிடம் கோபமாகவே சொன்னார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 டன் ஈரத் தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். விரட்ட வேண்டியது ஏறத்தாழ 12 டன் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். உலர்த்தியில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 45 ஆயிரம் மெகாஜூல் என்று வையுங்கள். விறகில் சொன்னால் மூன்று டன். இந்த மூன்று டன்னை வெளியிலிருந்து வாங்கினால் கட்டாது என்பது உண்மை. ஆனால் அதே டிப்பரில் 18 டன் கொட்டை போகிறது. அதில் பாதிக்குக் கிட்ட ஓடு. உலர்ந்த மாங்கொட்டை ஓடு விறகுக்குச் சளைத்ததில்லை. அடுப்புக்குத் தீனி உங்கள் குப்பையிலேயே இருக்கிறது. தோலைக் கொஞ்சம் பிழிந்துவிட்டு உலர்த்தினால் விறகு இன்னும் குறையும். பிழிந்த நீரோடு சர்க்கரையும் கொஞ்சம் பாலிஃபீனாலும் போகும், அந்த நீர் சாண எரிவாயுக் கலனுக்குப் போகலாம். இந்த இரண்டில் எது லாபம் என்பது உங்கள் ஆலையில் ஒரு வாரம் செய்து பார்த்தால் தெரியும்.

ஓட்டைப் பற்றிப் பேசினால் பருப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உண்மையில் எனக்குத் தோலைவிடக் கொட்டையில்தான் நம்பிக்கை அதிகம்.

வயிற்றுப்போக்கு வந்தால் உலர்ந்த மாம்பருப்பை இடித்து மோரில் கலந்து கொடுப்பது எங்கள் வீட்டில் பாட்டியின் வேலை. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் டானின். கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம் முதலானவற்றின் கூட்டம். எண்ணெயையும் நெய்யையும் சிக்கெடுக்காமல் காக்கும் குணம் அதற்கு உண்டு. நெய்யில் மாம்பருப்புச் சாறு சேர்த்துப் பார்த்து நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990 வாக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். செயற்கைப் பதப்பொருள்களின் பெயரைப் பாக்கெட்டில் பார்த்தாலே வாங்குபவர் முகம் சுளிக்கும் காலம் இது. இந்தச் சாற்றுக்குச் சந்தையைக் கேப்சூல் கடையில் தேட வேண்டாம். முறுக்கு, மிக்சர் பொரிக்கும் எண்ணெயில் தேடலாம்.

பருப்பின் பெரிய சொத்து கொழுப்பு. உலர்ந்த பருப்பில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்கள் நிறைந்த, அறைச் சூட்டில் கெட்டியாக நின்று வாயில் உருகும் வகை. கொக்கோ வெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் போட்ட சாக்லேட் நெறிமுறை, கொக்கோ வெண்ணெய் தவிர ஆறு தாவரக் கொழுப்புகளை மட்டும் ஐந்து விழுக்காடு வரை சாக்லேட்டில் சேர்க்க அனுமதிக்கிறது. பாமாயில், ஷியா, சால், கோகம், இல்லிப்பே, ஆறாவதாக மாம்பருப்பு. (அந்த இல்லிப்பே நம் ஊர் இலுப்பை என்று ஒரு நண்பர் வெகுநாள் சந்தோஷமாக இருந்தார், அது போர்னியோக் காட்டு மரம்.) 2024-இல் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியபோது சாக்லேட் கம்பெனிகள் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றுத் தேடின. அந்த ஜூனிலும் நம் டிப்பர்கள் வழக்கம்போல் கல்குழிக்குப் போயின.

நம் விரல் கணக்கு ஆலைக்கே வாருங்கள். 18 டன் கொட்டையில் 9 டன் ஈரப் பருப்பு. காய்ந்தால் நாலரை டன். அதில் கொழுப்பு நாளுக்கு 400 கிலோ அளவில். இதற்காகத் தனி சால்வென்ட் ஆலை யாரும் கட்டமாட்டார்கள், கட்டவும் கூடாது. தவிட்டு எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் ஆலைகள் தமிழ்நாட்டில் உண்டு. பத்து ஆலைகளின் உலர் பருப்பு ஒன்றாகச் சேர்ந்தால், அவர்களிடம் கூலிக்கு அரைத்து வாங்கலாம். புதிய கட்டடம் இல்லாமல் முதல் வருமானம் பார்க்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கொழுப்பெடுத்த பிண்ணாக்கில் மாவுச்சத்து ஏராளம். வெந்நீரில் ஊறவைத்து டானினை நீக்கினால் மாட்டுத் தீவனத்தில் சேர்க்கலாம். நீக்கிய அந்த வெந்நீர்தான் மேலே சொன்ன துவர்ப்புச் சாற்றுக்கு மூலம். ஒரே ஊறலில் இரண்டு சரக்கு.

இங்கேயும் பகை நேரம்தான். ஈரக் கொட்டையைக் குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறி, பருப்பில் கொழுப்பு அமிலம் பிரிந்து எண்ணெய் காறும், பூசணம் பிடிக்கும். பூசணத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001-இல் ஒடிசாவின் ராயகடா மாவட்டம் காசிப்பூர் பகுதியில் மாம்பருப்புக் கஞ்சி குடித்த பழங்குடி மக்கள் இறந்தார்கள். பட்டினிச் சாவா, பூசணம் பிடித்த பருப்பால் வந்த நஞ்சா என்று தலைநகர் வரை வாதம் நடந்தது. வீட்டில் வேறு தானியம் இருந்திருந்தால் யாரும் பழைய மாங்கொட்டையை உடைத்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். அது நிற்க, தொழிலுக்கான பாடம் தெளிவு. கொட்டையைக் கழுவி, ஒட்டிய கூழை நீக்கி, உடனே காயவைத்து, உடைத்து, பருப்பை மறுபடி காயவைத்து மூட்டை கட்ட வேண்டும். அரிவாளால் உடைக்கச் சொல்லிப் பெண்கள் விரலைப் பணயம் வைக்காதீர்கள். உடைக்கும் இயந்திரம் உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம்.

பெக்டினைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இரண்டாம் கட்டம். ஜாம் உறையவைக்கும் பெக்டினை உலகம் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் எடுக்கிறது. மாந்தோலிலும் அது போதுமான அளவு உண்டு. அமிலத் தண்ணீரில் 80, 90 டிகிரியில் வேகவைத்து, ஆல்கஹால் ஊற்றித் திரையச் செய்வார்கள். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் ரைன்ஹோல்ட் கார்லே குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தந்திரம் செய்து காட்டினார்கள். பெக்டின் பழுப்பாவதற்குக் காரணம் கூடவே வரும் பாலிஃபீனால். ஆப்பிள் சக்கைச் சாற்றை ஒரு பிசின் தூண் வழியாக விட்டு அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெக்டின் வெளுத்தது, பிடிபட்ட பாலிஃபீனால் தனிச் சரக்கானது. பிறகு மாந்தோலையும் இதே கண்ணோட்டத்தில் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தொல்லையாக இருந்தது இன்னொருவருக்குப் பண்டமானது. ஆரஞ்சுக்காரர்கள் இன்னும் பழைய கைகாரர்கள். சாறு பிழியும் இயந்திரத்திலேயே தோல் எண்ணெயையும் பிடித்துவிடுகிறார்கள். அங்கே தோல் ஆலையின் பின்வாசலைப் பார்ப்பதற்கு முன்பே பாதி விலைபோய்விடுகிறது.

ஆல்கஹால் என்றதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். சரிதான். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பிலுள்ள மாநிலத்தில், தோல் சாறு எடுக்க ஸ்பிரிட் வாங்கும் அனுமதிக்கு நடக்கும் நடை எப்படியிருக்கும் என்று தெரியும். கொழுப்பைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் என்றால் வெடிபொருள் பாதுகாப்புத் துறை உரிமம். ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக இந்த வாசல்களில் நிற்பது மடத்தனம். பொது நிலையம் ஒன்றுக்கு ஒரே உரிமம் போதும். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. முன்மாதிரி அளவில் செய்து பார்க்க அவர்கள் கதவைத் தட்டலாம். போகும்போது கையில் உலர்ந்த தோல் ஒரு மூட்டை இருக்கட்டும். வெறும் கையோடு போகிறவருக்கு ஆலோசனைதான் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் ஒன்று சேர்வீர்களா? எனக்குத் தெரிந்த பெரிய தடை இதுதான். ஒருவர் எத்தனை டிரம் நிரப்பினார், எந்த நாட்டுக்கு என்ன விலைக்குப் போட்டார் என்று இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டைப் பூட்டி வைக்கிற தொழில் இது. கழிவைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தால் கழிவின் அளவிலிருந்து கூழின் அளவைக் கணக்குப் போட்டுவிடுவார்களே என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே கவலைப்பட்டார். அவருக்கு நான் சொன்னது: பழத்துக்கு விலை வைக்கும் நாளில் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறீர்கள் என்று விவசாயிகள் சொல்கிறார்களே, அந்த ஒற்றுமையில் கொஞ்சத்தைத் தோலுக்கும் செலவிடுங்கள். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

விவசாயி என்றதும் 2025 நினைவுக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் பெங்களூரா கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கியது. பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. பக்கத்துச் சித்தூரில் ஆந்திர அரசு கிலோ 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே தந்தது. வெளிமாநிலப் பெங்களூராவை உள்ளே விடவில்லை. பழைய சரக்குத் தேங்கிக் கிடக்கிறது, கூழுக்குக் கிராக்கி இல்லை என்று நீங்கள் சொன்னது பொய்யென்று நான் சொல்லவில்லை. கூழ் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் ஆலைக்கு, கூழ் விழுந்தால் எல்லாம் விழும். கொட்டைக்கும் தோலுக்கும் ஒரு விலை வந்துவிட்டால், பழத்துக்குக் கொடுக்கும் விலையில் அந்தப் பங்கு தெரிய வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். பழத்தை முழுதாகத்தானே எடை போட்டு வாங்குகிறீர்கள்; கொட்டை வேண்டாமென்று எந்த விவசாயியிடமும் கழித்துக் கொடுத்ததில்லையே. கிலோவுக்கு ஐம்பது காசு கூடினாலும், பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் காவேரிப்பட்டணத்திலும் ஐந்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கு அது பறிகூலியில் ஒரு பங்கு. கூடவே, தெளிப்பு ஏடு எழுதச் சொல்லவும், கார்பைடு கல்லைத் தொடாதே என்று சொல்லவும் உங்களுக்கு அப்போதுதான் வாய் வரும்.

வருகிற பருவத்துக்கு நான் கேட்பது பெரிதில்லை. உலர்த்தி வாங்க வேண்டாம், திட்ட அறிக்கை எழுத வேண்டாம், கண்காட்சியில் மேடை போட வேண்டாம். முதல் பெங்களூரா லோடு வந்து ஆலை முழு வேகத்தில் ஓடும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றைக்குக் கொட்டையையும் தோலையும் ஒரே டிப்பரில் கலக்காமல் இரண்டு வண்டியில் போடச் சொல்லுங்கள். ஃபினிஷரிலிருந்து விழுந்த தோல் குப்பைக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு பையனைக் கடிகாரத்தோடு நிறுத்திக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு கிலோ தோலையும் பத்துக் கொட்டையையும் அப்போதே குளிர்பெட்டியில் வைத்து மைசூருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புங்கள். எடை மேடை ஏற்கெனவே உங்கள் முன்வாசலில் இருக்கிறது. டிப்பர் டிரைவரை அன்று ஒருநாள் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். சீட்டில் வரும் எண்ணை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் பதினோரு பருவம் பிரிக்ஸ் பார்த்தவன்